மூன்று நெகட்டிவ்

அக்காவின் மார்பில் கட்டி வந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தஞ்சாவூர் லேப் ஒன்றில் சதையைச் சோதித்துப் புற்றுநோய் என்றார்கள். ரிப்போர்ட்டின் கடைசியில், மருந்து பிடித்துக்கொள்ள செல்லில் இருக்கும் மூன்று ஏற்பிகளின் பெயர்கள். மூன்றுக்கும் எதிரே ‘நெகட்டிவ்’.

எங்கள் தெருவில் ஒரு டீச்சருக்கு இதே நோய். ஹார்மோன் ஏற்பி இருப்பதால் அவருக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கு அது பலிக்காது என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கு லேப் மேல் சந்தேகம் வந்தது. சதையைக் கொடுத்த அன்று, நாலைந்து பேருடைய டப்பாக்கள் ஒரே தட்டில் இருந்ததைப் பார்த்திருந்தேன். ஒன்றில் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

நேராக லேபுக்குப் போனேன்.

“சதையை மெழுகுல பதிச்சு வெச்சிருப்பீங்கள்ல, அதைக் குடுங்க.”

“எங்க மேல நம்பிக்கை இல்லையா மேடம்?”

“இல்லைங்க.”

அந்த மெழுகுக் கட்டியைக் கைப்பையில் வைத்துத் திருச்சி பஸ் ஏறினேன். அங்கிருந்த லேபிலும் மூன்றும் நெகட்டிவ். அப்போதும் மனம் ஆறவில்லை. மெழுகுக்குள் இருப்பதே வேறு யாருடைய சதையோ என்று தோன்றியது. ஆபரேஷனில் எடுத்த கட்டியை மறுபடி சோதித்து அதே பதில் வந்த பிறகுதான் வாயை மூடினேன்.

டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். அப்பாவும் வந்திருந்தார்.

“எனக்கு லேப் மேல சந்தேகம் இல்லைங்க. பரம்பரை மேலதான் சந்தேகம்” என்றார். “கட்டி வராம காவல் காக்குற ஜீன்னு சிலது உண்டு. அதுல ஒண்ணுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. செல்லு ஹார்மோன் ஏற்பியை உண்டாக்க அது துணை செய்யும். அது பழுதாயிட்டா பெரும்பாலும் ஏற்பியே வராது. அப்புறம் மாத்திரை எதைப் பிடிச்சு வேலை செய்யும்? உங்க வீட்ல வேற யாருக்காவது மார்புலயோ சினைப்பையிலயோ கட்டி இருந்துச்சா?”

இல்லை என்று நான் சொல்வதற்குள் அப்பா, “என் தங்கச்சி” என்றார். “வயிறு வீங்கிச் செத்துப் போச்சுங்க. சினைப்பையில கட்டின்னுதான் சொன்னாங்க. நான்தான் நம்பலை.”

எனக்குத் தெரிந்த கதை வேறு. தரங்கம்பாடிப் பக்கம் வாக்கப்பட்ட அத்தைக்கு, மாமா வீட்டில் சோற்றில் ஏதோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அப்பா மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கல்யாணம், சாவு எதற்கும் நாங்கள் போனதில்லை.

ரத்தச் சோதனையில் அக்காவுக்கு அந்த ஜீன் பழுது என்று வந்தது. அப்பாவுக்கும் இருந்தது.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்பா மெஷின்காரரிடம் வயலை விட்டுவிட்டு, மாமாவைப் பார்க்க மாயவரம் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“மாமா என்ன சொன்னாங்க?”

“ரிப்போர்ட்டைக் காட்டினேன், படிச்சாரு. ‘உங்க தங்கச்சி சாகுற வரைக்கும் நான்தான் குளிப்பாட்டி விட்டேன்’னாரு. அவ்வளவுதான்.”

அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அக்கா ஊசிகளையெல்லாம் தாங்கிக்கொண்டாள். உதிர்ந்த தலைமுடி திரும்ப வந்துவிட்டது, முன்பைவிடச் சுருட்டையாக. டாக்டரம்மா என்னையும் சோதிக்கச் சொன்னார். ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். எனக்கு அந்தப் பழுது இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தது என் பெயர்தானா என்று இரண்டு முறை பார்த்தேன். பிறகு லேபுக்குப் போன் செய்து மூன்றாவது முறையும் கேட்டேன்.