பன்னிரண்டாவது புகார்

1978 மார்ச் 6 — இல்லை
1979 ஜனவரி 22 — இல்லை
1980 செப்டம்பர் 3 — இல்லை
1981 மே 19 — 25
1981 ஆகஸ்ட் 4 — 25
1981 நவம்பர் 30 — 40
1982 பிப்ரவரி 16 — 40
1982, பிறகு — இல்லை
1983 ஜனவரி 11 — 75

இது சின்னவள் எழுதிச் சம்பாதித்த கணக்கு. தேதி, பத்திரிகையிலிருந்து பதில் வந்த நாள். எண், அவர்கள் அனுப்பிய சன்மானம். முதல் மூன்று வரியிலும் ‘இல்லை’ என்று இருப்பதற்குக் காரணம் ஒரு ராணி.

அந்த ராணி பனிமலை அரண்மனையில் வாழ்ந்தாள். சின்னவள் பனியையும் பார்த்ததில்லை, அரண்மனையையும் பார்த்ததில்லை. அவள் தினமும் பார்த்தது குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார் பிரிவு மேசை, அதன் மேல் இரண்டு கறுப்புத் தொலைபேசி, எதிரே சுண்ணாம்பு உதிரும் பச்சைச் சுவர். தண்ணீர் வரவில்லை என்பவர்களிடமும், வந்த தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது என்பவர்களிடமும் ஒரே குரலில் “பதிவு பண்ணிட்டேங்க” என்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ராணிக்கு விஷம் வைப்பாள். மூன்று கதையிலும் ராணி செத்தாள். மூன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தன.

“அந்தப் பொம்பளையை ஒரு தடவையாவது உயிரோட விடக்கூடாதா?” என்றார் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர்.

“உங்களுக்குக் கதை புரியாதுங்க.”

“பிரேக் புரியும். எங்க நிறுத்தணும்னு தெரியும்.”

ராணியைக் கொல்லாத நாட்களில் அவள் பெரியவளுக்குக் கடிதம் எழுதுவாள். பெரியவள் அவளுக்கு மூத்த அக்கா. வேறு ஊரில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவள் குரல் எழும்பினால் சலவை இயந்திரம்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று அங்கே பேச்சு. அக்காவுக்கு எழுதும்போது சின்னவள் எதையும் யோசிக்க மாட்டாள். அன்றைக்கு என்ன நடந்ததோ அதுதான் கடிதம்.

1981 ஏப்ரல் கடைசியில், நான்காவது ராணியையும் அக்காவின் கடிதத்தையும் ஒரே நேரத்தில் உறையில் போட்டு ஒட்டினாள். விலாசம் மாறிவிட்டது.

முதலில் அக்காவின் பதில் வந்தது.

“அடியே, யாருடி அந்த ராணி? உங்க மாடிக்குப் புதுசா குடிவந்தவளா? பால்ல விஷம் கலந்திருக்குன்னு தெரிஞ்சும் போலீஸுக்குச் சொல்லாம எனக்குக் கடிதம் எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கே! நீ அந்த வீட்டுப் பக்கம் போகாதே. யார் எதைக் கொடுத்தாலும் குடிக்காதே.”

சின்னவளுக்குச் சிரிப்பு வருவதற்குள் பகீரென்றது. அப்படியானால் பத்திரிகைக்குப் போனது அலமாரி!

எதிர்வீட்டுத் தையல்காரர் வாங்கிய அலமாரி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அசையாமல் நின்றது. மேலே இருந்தவர்கள் மேலேயே இருந்தார்கள், கீழே இருந்தவர்கள் கீழேயே. கடைசியில் அவள் கணவர் அலமாரிக்குள் புகுந்து, பின்பலகையைக் கழற்றிவிட்டு, தலையை நீட்டி, “அடுத்த நிறுத்தம் மூணாவது மாடி, சில்லறை எடுத்து வெச்சுக்குங்க” என்றார். இதைத்தான் அவள் அக்காவுக்கு நாலு பக்கம் எழுதியிருந்தாள்.

மே 19 அன்று இருபத்தைந்தும் ஆசிரியரின் ஓர் அட்டையும் வந்தன. “அலமாரி பிரமாதம். உங்கள் அக்காவுக்கு அடிக்கடி எழுதுங்கள், எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ராணியை விசாரித்ததாகச் சொல்லவும்.”

புகார் பிரிவுக்குத் தினமும் ஒருவர் போன் செய்வார். அவர் வீட்டில் தண்ணீர்த் தகராறே கிடையாது. “இன்னிக்கும் வந்துதுங்க, சொல்லணும்னு தோணிச்சு” என்பார். அதுவரை சின்னவள் ‘சரிங்க’ என்று வைத்துவிடுவாள். அட்டை வந்த மறுநாள் வைக்கவில்லை. “எந்தக் குழாயில முதல்ல வந்தது?” என்று கேட்டாள். மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மனுஷர் வசதியாக உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அது ஆகஸ்டில் வெளிவந்தது. கணவரின் பேருந்தில் ஒரு மாதமாகச் சொந்தக்காரர் இல்லாமல் பயணம் செய்த ஒற்றைச் செருப்பு நவம்பரில் வந்தது. சின்னவள் வேலைக்குப் போவதே திருவிழாவுக்குப் போவதுபோல ஆகிவிட்டது.

அப்புறம்தான் சைக்கிள்.

ஐம்பத்து நாலு வயதில் பெரியவள் சைக்கிள் பழக ஆரம்பித்தாள். ஆள் நடமாட்டமில்லாத காலையில், மருத்துவமனையின் பின்முற்றத்தில். ஒருநாள் நேராகப் போய்த் தலைமை மருத்துவரின் காரில் மோதினாள். கார்க் கதவில் ஒரு சொட்டை விழுந்தது. பழி கார் ஓட்டுநர் தலையில் விழுந்தது. “யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்று தங்கைக்கு மட்டும் எழுதினாள்.

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சூட்டோடு அதையே எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்பினாள். ஊர் பேர் போடவில்லை, அது போதும் என்று நினைத்தாள். சைக்கிள் பழகும் சலவை மேற்பார்வையாளர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் என்று எண்ணம்!

“நான் சலவைப் பிரிவுக்குள்ள நுழைஞ்சா முப்பது பேரும் வாயாலேயே ட்ரிங் ட்ரிங்னு மணி அடிக்கிறாங்க” என்று பெரியவள் எழுதினாள். “பெரிய டாக்டர் மேசையில உன் பத்திரிகை இருக்கு. நாளைக்கு என்னை வரச் சொல்லியிருக்கார். நான் உனக்குத்தான்டி எழுதினேன், ஊருக்கு இல்லை. இனி எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.”

சின்னவள் மூன்று மன்னிப்புக் கடிதம் அனுப்பினாள். மூன்றும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. ராணிகூட இவ்வளவு வலிக்கத் திரும்பி வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர், மாதம் ஒரு பக்கம் அவளுக்கென்றே ஒதுக்குவதாக எழுதினார். அவள் காகிதத்தை எடுத்து வைத்து, ‘அன்பார்ந்த வாசகர்களே’ என்று தொடங்கினாள். கதிரவன் பொற்கரங்களை நீட்டினான். பறவைகள் பண் இசைத்தன. எல்லாம் திரும்பி வந்தன. கணவர் ஒன்றை எடுத்துப் படித்தார்.

“யாருக்கு எழுதினது இது?”

“எல்லாருக்கும்.”

“அதான் ஒருத்தரும் ஏறலை. வண்டி ஒரு இடத்துல நின்னாத்தானேம்மா ஏற முடியும்?”

அவள் வண்டி நிற்கும் இடம் எது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த இடம்தான் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டதே.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “எனக்குச் சைக்கிள் கத்துக்குடுங்க” என்றாள். அக்கா பட்ட பாடு என்ன என்று தெரிந்துகொள்ளாமலே சிரித்துவிட்டது அவளை உறுத்திக்கொண்டிருந்தது. வாடகைச் சைக்கிள் வந்தது. கணவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார்.

“விட்டுடலையே?”

“இல்லம்மா, கெட்டியாப் புடிச்சிருக்கேன்.”

குரல் தெருமுனையிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்துக்குள் சைக்கிளோடு இறங்கிவிட்டாள். இதே பள்ளத்தைப் பற்றி வந்த பதினோரு புகாரை அவளே தன் கையால் பதிவு செய்திருந்தாள்.

மேலே ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். “அடிபட்டுதா? இதுக்குக் குடிநீர் வாரியத்துக்குப் போன் பண்ணிப் பிரயோஜனம் இல்லம்மா. அங்க ஒருத்தி இருக்கா. பதிவு பண்ணிட்டேங்கன்னு சொல்லுவா. அவ வேலை அதோட சரி.”

சின்னவள் பள்ளத்துக்குள் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தலையில் அடிபட்டுவிட்டதோ என்று அந்த அம்மாள் பயந்துபோனார்.

மறுநாள் பன்னிரண்டாவது புகாரைத் தன் பெயரிலேயே பதிவு செய்தாள். இந்த முறை தாளை மேலே அனுப்பாமல், வீங்கிய முழங்காலோடு தானே மாடியேறிப் பொறியாளர் முன்னால் நின்றாள். சாயங்காலத்துக்குள் பள்ளம் மூடப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினாள். மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை. ‘அக்கா, நேற்று நான் விழுந்தேன்’ என்று தொடங்கி, நடந்தது மட்டும் இருந்தது.

“பிரதி எடுக்கலையா? பத்திரிகைக்கு இதைவிட என்ன வேணும்?” என்றார் கணவர்.

“இது அக்காவுக்கு.”

“அப்ப மாசப் பக்கம்?”

“போனா போகட்டுங்க.”

உறை திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. நவம்பர் போனது, டிசம்பர் போனது. ஜனவரி 11 அன்று பத்திரிகையிலிருந்து எழுபத்தைந்து வந்தது. அவள் எதையும் அனுப்பியிருக்கவில்லை!

கூடவே ஆசிரியரின் அட்டை. “பள்ளம் கிடைத்தது. உங்கள் அக்கா அனுப்பினார். அவருடைய திருத்தத்தையும் சேர்த்தே வெளியிட்டிருக்கிறோம். மாதப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.”

அவள் பரபரவென்று பத்திரிகையைப் புரட்டினாள். அவள் எழுதியதன் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: ‘இடது பக்கம் சாய்ந்து விழுந்ததாக என் தங்கை எழுதியிருக்கிறாள். தவறு. எதிலிருந்து விழுந்தாலும் அவள் வலது பக்கம்தான் விழுவாள். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன்.’

சின்னவள் புடவையை விலக்கி முழங்காலைப் பார்த்தாள். தழும்பு வலது காலில்தான் இருந்தது.

நான்கு வாரம் கழித்து அக்காவிடமிருந்தே கடிதம் வந்தது. முதல் வரி: ‘இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.’ அதற்கு மேல் படிக்காமல் கடிதத்தை நீட்டினாள். கணவர் வாங்கி உரக்கப் படித்தார்.

“பெரிய டாக்டர் என்னை வேலையை விட்டுத் தூக்கப்போறார்னு நினைச்சுப் போனேன். அவர் சிரிச்சுட்டு, ‘என் டிரைவரை அநியாயமாத் திட்டிட்டேனே, வாங்க, ரெண்டு பேருமா மன்னிப்புக் கேட்போம்’னார். அந்த டிரைவர்தான் எனக்கு இப்ப சைக்கிள் வாத்தியார். ஒரு கையை விட்டுட்டு ஓட்டுறேன். உன் பள்ளத்தை முப்பது பேருக்கும் படிச்சுக் காட்டினேன். பாதியில எனக்கே படிக்க முடியலை, அப்படிச் சிரிப்பு. மார்ச்சோட எனக்கு வேலை முடியுது. உங்க கட்டடத்துல முதல் மாடி வீடு காலின்னு உன் வீட்டுக்காரர் ரகசியமா எழுதியிருந்தார். முன்பணம் அனுப்பிட்டேன். ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு எவளாவது கடிதம் எழுதுவாளா? இனிமே எனக்கு வாயால சொல்லு, அப்புறம் அவங்களுக்கு எழுது. அனுப்புறதுக்கு முந்தி நான் சரி பார்ப்பேன். என் கட்டில் பெருசு. மாடிப்படி அகலத்தை அளந்து வை.”

சின்னவள் கணவரைப் பார்த்தாள். அவர் கடிதத்தை மடித்துவிட்டு, “அளக்கிற நாடா எங்கம்மா?” என்றார்.

அக்காவின் கடைசிக் கடிதம் வந்தது 1983 பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை.