இல்லாத மேட்டில் ஏறிய கியர் சைக்கிள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, காத்து கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. சாமல்பட்டியில் எங்கள் தெருவே பயந்து ஒதுங்கிய புளியமரத்தின் கீழே பாய் போட்டுத் தூங்கியவன் நான். இப்போதும் பேயைப் பார்த்தேன் என்று சொல்ல வரவில்லை. ஒரு சைக்கிளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சிரிப்பதானால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருந்தேன். தங்கியது ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், அக்கா வீட்டில். ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. முதல் பஸ் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. அடிக்கடி லேட்டாகி, கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், "இன்னொரு தரம் லேட்டா கார்டு பஞ்ச் பண்ணினா உனக்கு பெர்மனென்ட் கெடையாது, மூட்டைய கட்டிக்க." ஊரில் அப்பாவோ மகனுக்கு வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

என்னோடு லேத்தில் வேலை பார்த்த பாஷாவின் மாமா காசிம் பாய்க்கு மூக்கண்டப்பள்ளியில் காயலான் கடை. பாஷாதான் ஒரு நாள் வந்து சொன்னான், "மாதேசு, மாமா கடைக்கு ஒரு கியர் சைக்கிள் வந்திருக்குது. டயரு டிராக்டர் கணக்கா இருக்குதுடா. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். தடித்தடியாகப் பட்டன் வைத்த டயர், நேராக ஒரு ஹேண்டில்பார், கேரியர் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, செயின் கவர் இல்லை, உடம்பெல்லாம் துரு. "மிஷின் மாட்ட வந்த வெள்ளக்காரன் ஓட்டுனதாம்பா, போறப்ப போட்டுட்டு போயிட்டான். இரும்பு வெலைக்கே எடுத்துக்க," என்றார் காசிம் பாய்.

எடுத்துக்கொண்டேன். அதை ரெடி பண்ண நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். பெடலுக்கு புஷ் கிடைக்காமல், பாஷா சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேன் கண்ணில் படாமல் கம்பெனி லேத்திலேயே கடைந்து கொடுத்தான். கியர் என்றால் நிறைய கிரீஸ் வேண்டும் என்று லாரிக்கு அப்புகிற மாதிரி அப்பி, ரோட்டு மண்ணெல்லாம் அதில் ஒட்டிச் செயின் சிக்கி, மறுபடி பெட்ரோலில் கழுவினோம். அக்கா மஞ்சள் குங்குமம் வைத்து, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டச் சொன்னாள். ஓடியது. பிரமாதமாக ஓடியது. நான் நேரத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஓசூர் போகிற வழியில் ரத்னம்மாவின் டீக்கடை. அதைத் தாண்டியதும் ரோடு பாறைக்கு நடுவே போகும், இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி நிற்கும். அங்கே நுழைந்ததும் 'டக்' என்று கியர் தானாகக் குறைந்துவிடும். மேடு ஏறுவதற்கான கியர். சமமான ரோட்டில் கால் இரண்டும் சும்மா சுற்றும். பாறையைத் தாண்டியதும் மறுபடி 'டக்', பழைய கியர். வேறு எங்கேயும் அப்படி இல்லை. ஒயரை மாற்றினேன். லீவரைச் செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். கட்டு கட்டினபடியே இருக்கும், 'டக்' மட்டும் நிற்காது.

எனக்குப் பயம் வரவில்லை, நம்பினால் நம்புங்கள், குடைச்சல்தான் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோடு சமமாக இருக்கிறதா என்று பார்க்க பாஷா ரசமட்டம் கொண்டுவந்தான். ரோட்டில் குப்புறப் படுத்து அங்கங்கே வைத்துப் பார்த்தோம். குமிழி நட்ட நடுவில் நின்றது.

"ரோடு சரியாத்தான் இருக்குது, உன் வண்டிக்குத்தான் மண்ட சரியில்ல," என்றான் பாஷா.

ரத்னம்மா தெலுங்குக்காரம்மா, நல்ல வாய். "ஏம்ப்பா, ரோட்டுக்கு ஜொரம் பாக்கறீங்களா?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னோம். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நான் கல்யாணமாயி வந்தப்ப இங்க பெரிய கரடு இருந்துச்சி. ரோடு அது மேலதான் ஏறி எறங்கும். வண்டி மாட்டுக்கு நொர தள்ளிடும். அப்பறம்தான் வெடி வெச்சி நடுவுல பொளந்து ரோடு உட்டாங்க. அது ஆச்சி இருவது வருசம்."

பாஷாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருபது வருஷத்துக்கு முன் இந்த மாதிரி சைக்கிள் இந்தப் பக்கம் ஏது? இல்லாத மேடு அதற்கு எப்படித் தெரியும்?

மார்கழி வந்தது. ஓசூர் பனி உங்களுக்குத் தெரியுமே, ஹேண்டிலில் இருக்கிற கையே தெரியாது. ஒரு நாள் விடிகாலை அசந்து தூங்கிவிட்டேன். வேலை போச்சு என்றே நினைத்து வெறி பிடித்தவன் மாதிரி மிதித்தேன். டீக்கடையைத் தாண்டும்போது ரத்னம்மா ஏதோ கத்தினாள். நிற்க நேரமில்லை.

'டக்.'

அன்றைக்குக் கால் சும்மா சுற்றவில்லை. பெடல் கனத்தது. தொடை வலித்தது, மூச்சு வாங்கியது, உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. சைக்கிள் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று பனி கீழே போய்விட்டது. தலைக்கு மேல் நட்சத்திரம். கீழே பஞ்சு விரித்த மாதிரி பனி, அதற்கும் அப்பால் ஓசூர் கம்பெனி விளக்குகள் மஞ்சளாக. அந்த ரோட்டில் எங்கே நின்றாலும் அவை தெரியாது. பிறகு ஒரே இறக்கம். மிதிக்கவே இல்லை, பிரேக் கதறியது. பனியில் வழி தவறி வேறு ஏதோ மேட்டில் ஏறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆறு அடிக்கும் முன் கார்டு பஞ்ச் பண்ணிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். "அந்தப் பக்கத்து ஆளுங்க ஒருத்தரும் வரல. கல்லு விழுந்து ரோடே அடைச்சிருக்குதாம். நீ மட்டும் எப்பிடிடா வந்த?"

ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது பார்த்தேன். கிரானைட் லாரி கவிழ்ந்து, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கல் பாறைக்கும் பாறைக்கும் நடுவே அடைத்துக்கொண்டு கிடந்தது. ரத்னம்மா ஓடிவந்து என் கையைக் கிள்ளிப் பார்த்து அழுதுவிட்டாள்.

"கல்லு கெடக்குது, போவாதடானு கத்தினேன், நீ உள்ள பூந்துட்ட. டார்ச் எடுத்துனு ஓடியாந்தோம். மோதி செத்து கெடப்பேனு பாத்தா ஆளும் இல்ல, சைக்கிளும் இல்ல."

ஈரச் செம்மண்ணில் என் பட்டன் டயர் தடம் அப்படியே இருந்தது. கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் வரை வந்து, பிறகு இல்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி மறுபடி ஆரம்பித்தது. "தூக்கக் கலக்கத்துல தூக்கினு தாண்டியிருப்படா," என்று பாஷா இன்றைக்கும் சொல்கிறான். அந்த இரும்பு வண்டியையா, அந்தக் கல் மேலா?

இன்னொன்று. அன்றைக்கு லேட்டான அத்தனை பேரையும் கம்பெனி மன்னித்துவிட்டது. நான் லேட்டாகியிருந்தாலும் வேலை போயிருக்காது. ஆனால் நான் மிதித்த வேகத்துக்கு, அந்தக் கல்லில் போய் மோதியிருந்தால் உயிர் மிஞ்சியிருக்காது.

அதற்குப் பிறகு 'டக்' வரவே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. வேலை பெர்மனென்ட் ஆனது, அப்பா சொன்ன பொய் மெய்யானது. சைக்கிள் துருப்பிடித்துக் காசிம் பாய் கடைக்கே திரும்பிப் போனது. ரோட்டை அகலப்படுத்தி இரண்டு பக்கப் பாறையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே வெறும் சமமான ரோடு, அடையாளமே இல்லை.

போன மாசம் டவுன் பஸ்ஸில் அந்த வழியாக வந்தேன். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பையன், அங்கே ஒரு கரடு இருந்ததே அவனுக்குத் தெரிந்திருக்காது. அந்த இடம் வந்ததும் கிளட்சை மிதித்துக் கியரைக் குறைத்தான். பஸ் முக்கியது. பிறகு அவன் கியர்க் கம்பியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தான், எதற்குக் குறைத்தோம் என்று அவனுக்கே புரியாத மாதிரி.