அலுமாரியில் பூட்டிய கமரா

மனைவி இறந்த பிறகு, கண்டிக்குப் பக்கத்துக் கலஹா ஊர் வீட்டில் நான் மட்டும்தான். துபாயில் வேலை செய்யும் மகள், எனக்குப் பொழுது போகட்டும் என்று விலை உயர்ந்த கமரா ஒன்றை அனுப்பினாள். ஏற்கெனவே என்னிடம் ஒரு மலிவான கமரா இருந்தது. அது வாசல் ஆணியில் தொங்கும்; குருவி, மழை, மூடுபனி எல்லாம் அதில்தான் எடுப்பேன். புதியதை, மகள் வரும்போது எடுக்கலாம் என்று தோல் பையோடு அலுமாரியில் பூட்டிவைத்தேன்.

மழைக்காலங்கள் போயின. போன மாதம் மகள் வந்தாள். ஆசையோடு பையைத் திறந்தால், லென்ஸின் உள்ளே வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சணம்! பதறிப்போய் இருவரும் கண்டிக்கு பஸ் ஏறினோம்.

கமரா திருத்துபவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்ம ஊரு ஈரத்துக்குப் பூட்டி வச்சா இப்பிடித்தாங்க ஐயா. நல்லவேளை, கண்ணாடிய இன்னும் அரிக்கல. சுத்தம் பண்ணிறலாம், ஆனா ரெண்டு கிழமையாகும்."

மகளுக்கு லீவே ஒரு கிழமைதான். "விடுங்கப்பா, பழசுலயே எடுங்க" என்றாள். அவள் படமெல்லாம் மலிவுக் கமராவில்தான் இருக்கின்றன. அதிலும் அழகாகவே சிரிக்கிறாள்.

எதை வாங்கினாலும் மலைநாட்டில் பூட்டிவைக்காதீர்கள். திருந்தி வந்த கமராவை நான் இப்போது தினமும் வெளியே எடுக்கிறேன். படத்தில் நிற்க ஆளில்லை, மகள் உட்கார்ந்திருந்த கதிரையைப் படம் பிடிக்கிறேன். விலை கூடிய கமராதான். கதிரை வெறுமையாக இருப்பது அதில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.