பக்கத்து சீட்டின் எடை

ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரருக்கு ஊரில் யார் மீதும் பொறாமை கிடையாது, சகலையைத் தவிர. ஊருக்கே பங்கு போட்டுக் கொடுக்கும் அளவுக்கு இருந்த பொறாமையை அந்த ஒருவர் மீதே வைத்திருந்தார். சகலை பல் டாக்டர். இவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். டாக்டருக்கு முடி கொட்டவில்லையே என்ற கவலையில் இவருக்குக் கொட்டிவிட்டது.

வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் இவர் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். ஒரே வாரத்தில் டாக்டரும் விமானம் கட்டத் தன் ஷெட்டைக் காலி செய்தார்.

இவருடைய விமானத்துக்கு இறக்கைத் துணி தைத்தது மனைவி. தையல்காரி. சோபாவை வாசலுக்குத் தள்ளிவிட்டு, ஹாலில் இறக்கையைக் கிடத்தி, விலா எலும்பு மாதிரி வரிசையாக நின்ற ஒவ்வொரு குச்சியோடும் துணியை இழுத்துக் கட்டினாள். கூலியாக ஒன்றுதான் கேட்டாள்: சோதனை ஓட்டங்கள் முடிந்ததும், முதல் சவாரியில் பக்கத்து சீட் தனக்கு.

வரைபடம் போட்டவர் சின்ன என்ஜின்தான் சொல்லியிருந்தார். இவரும் அதை வாங்கி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் துடைத்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து டாக்டர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஷெட்டைக் காட்டினார்கள். ஆறு சிலிண்டர் என்ஜின் ஒன்று அங்கே பளபளத்தது.

"சும்மா பார்க்கப் போனேன் சகலை. பிடிச்சுது, வாங்கிட்டேன்," என்றார் டாக்டர். "உங்களுது எவ்வளவு குதிரை சக்தி?"

"இருக்கு, வேண்டிய அளவு."

"அதுவும் சரிதான். நம்ம வயசுக்கு மெதுவா போறதே நல்லது."

இவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. டாக்டருடைய விமானம் அந்த என்ஜினுக்கு ஏற்றபடி பெரியது என்பது கண்ணில் படவே இல்லை. பத்தே நாளில் இவர் ஷெட்டுக்கும் ஒரு ஆறு சிலிண்டர் வந்து சேர்ந்தது.

"ஏங்க, வரைஞ்சவரு சின்னதுதானே போடச் சொன்னாரு?"

"அவருக்கு சகலை கிடையாது போல."

மூக்கில் இருந்த இரும்புச் சட்டத்தை வெட்டி, அகலமாக வெல்டிங் வைத்து, புதியதை மாட்டினார். எடை பார்க்கப் பரிசோதகர் வந்தார். மூன்று சக்கரங்களுக்கும் அடியில் மூன்று எடை மெஷின்களை வைத்து, கூட்டிப் பார்த்து, மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"முன்பக்கம் குனியுது சார். வாலில ஈயம் வைக்கணும். அதையும் சேர்த்தா ஓட்டறவரு மட்டும்தான் ஏறலாம். இன்னொரு ஆளை இது தாங்காது."

மனைவி பெட்ரோல் டாங்க் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கென்று புதுச் செருப்பு வேறு.

"அப்போ என் எடையைத் தூக்கி என்ஜினுக்குக் குடுத்துட்டீங்க," என்றாள்.

இவர் காதில் விழாதவர் போல ஒரு நட்டைத் துடைத்தார்.

"பரவாயில்ல. தங்கச்சிக்கு மாடி ஏறினாலே தலை சுத்தும். டாக்டர் வண்டியில அந்த சீட் சும்மாதான் கிடக்குதாம். வரீங்களான்னு போன வாரமே கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன்."

பரிசோதகர் மெஷின்களை மடித்து வைப்பதற்குள் ஆறு சிலிண்டரின் பாதி போல்ட்டுகள் தரையில் கிடந்தன. என்ஜினை இறக்கச் செயின் கப்பி வேண்டும். அது டாக்டரிடம்தான் இருந்தது. பல்லைப் பிடுங்கக்கூட டாக்டரிடம் போகாத மனிதர் போய்க் கேட்டார். டாக்டர் கப்பியோடு தானே வந்து சங்கிலியை இழுத்தார்.

"ஏன் சகலை, நல்லாத்தானே இருந்துச்சு?"

"சத்தம் ஜாஸ்தி."

மூக்குச் சட்டம் பழையபடி குறுகியது, சின்ன என்ஜின் ஏறியது. தனியாகப் பறந்து பார்த்த சோதனைகளும் முடிந்தன. ஒரு காலையில் மனைவி பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டாள். வீடுகள் சீப்புப் பற்கள் போலச் சிறுத்தன, ஆறு ஒரு நாடாவாக வளைந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். இவர் ஒரே ஒரு மொட்டைமாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் நிக்கிறாரா?"

அவள் எட்டிப் பார்த்தாள். டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நிக்கிறாரு. வாயைப் பொளந்துட்டு நம்மளத்தான் பார்க்கிறாரு."

அதன் பிறகுதான் மனிதர் நேரே பார்த்து ஓட்டினார்.