சத்தம் அடங்கிய எஞ்சின்

பட்டறைக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும், "மேஸ்திரி இல்லையாம்மா?" என்றுதான் கேட்பார்கள். மேஸ்திரி அவளுடைய அண்ணன். பாகங்களைக் கழுவிக் கொடுக்க வந்தவள் அவள். வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பழைய எஞ்சினாக இருந்தால் காதைக் கொடுத்தே பாதி நோயைச் சொல்லிவிடுவாள். ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை. அவளும் முகம் சுளிக்காமல் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அன்று வந்தவர் காய்கறி ஏற்றும் வேன்காரர். வண்டிக்கு அவர் மகளைவிட வயது அதிகம். காலையில் நன்றாகத்தான் கிளம்புகிறது, சூடேறினால் மேட்டில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்றார். அண்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும் என்று கையை விரித்துவிட்டார். அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன், நாளைக்கே உடைக்கிற கடையில் தள்ளிவிடுகிறேன் என்றார் வேன்காரர். அந்த வண்டிதான் அவர் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ரிங் தேய்ந்த வண்டி நீலப் புகை கக்க வேண்டாமா? இதில் புகையே இல்லை. சூடு ஆறுமுன் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் பிரஷர் மீட்டரை வைத்தாள். மூன்று சிலிண்டர்கள் நூற்று நாற்பதைத் தொட்டன. இரண்டாவது மட்டும் எழுபதிலேயே படுத்துவிட்டது. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தாள். கோளாறு ரிங்கில் என்றால், ஆயில் இடைவெளியை அடைத்து முள்ளை ஏற்றியிருக்கும். முள் அசைந்து கொடுக்கவில்லை. அப்படியென்றால் காற்று வால்வு வழியாகத்தான் தப்பி ஓடுகிறது.

எஞ்சின் ஆறியதும் மேல்மூடியைத் திறந்தாள். சூட்டில் வால்வுத் தண்டு நீளும் என்பதால் அதற்கு மேலே மெல்லிய தகடு ஒன்று நுழையும் அளவுக்காவது இடம் விட்டிருக்க வேண்டும். தகடு நுழையவே இல்லை. வால்வு முழுதாக மூட வழியில்லாமல் திணறிக்கொண்டிருந்தது.

விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு, எஞ்சின் டிக் டிக் என்கிறது என்று இதே வேன்காரர் வந்து நச்சரித்தார். சத்தம் அடங்கும்வரை அந்த வால்வு இடைவெளியை இறுக்கிக் கொடுத்தது அண்ணன்தான். பட்டறைக்காரர்களுக்கு வருகிற சபலம் அது. வாடிக்கையாளர் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போவார். வால்வு உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

வேன்காரர் பக்கத்திலேயே நின்றார். அண்ணனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. எட்டு வால்வுக்கும் இடைவெளி வைத்து மூடினாள். வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி மறுபடி மீட்டரை வைத்தாள். இரண்டாவது சிலிண்டரிலும் முள் நூற்று முப்பத்தைந்துக்கு ஏறியது. நல்லவேளை, வால்வு இன்னும் கருகவில்லை.

"எப்படிம்மா கெட்டுச்சு?" என்று கேட்டார் வேன்காரர்.

அவள் தகட்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் முன்னே வந்தார்.

"நான்தான் இறுக்கிக் கெடுத்தேன். அதை ரிங்னு சொன்னதும் நான்தான். கண்டுபிடிச்சு சரி பண்ணது என் தங்கச்சி."

மீட்டர் முள் ஏறியபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் அண்ணன் தலை குனியாமல் இதைச் சொன்னபோது, இந்த மனுஷனுக்குத் தங்கையாகப் பிறந்தோமே என்று அவளுக்குக் கர்வமே வந்துவிட்டது.