அறுபது புட்டிகளுக்குப் பதில் ஒரு பீப்பாய்

சவரத் தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, பியருக்கு நுரை ஏற்றும் காஸ் சிலிண்டரின் கழுத்தில் தடவிவிட்டு, டெஸ்மண்ட் காதைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறார். முதலில் காது, பிறகுதான் கண். முப்பத்தொரு வருடம் சரீனா என்ற சிற்றூரின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்ட மனிதர். தெருவில் இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் தலையில் காதை வைத்தே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். "குழாய் பொய் சொல்லாது, மனுசந்தான் சொல்லுவான்" என்பார். இன்று குழாய் வாயே திறக்கவில்லை. மூன்று மாதம் வரவேண்டிய சிலிண்டர் இரண்டே நாளில் காலியாகிவிட்டது; இது இரண்டாவது.

அறுபத்தெட்டு வயது, பனைமர உயரம். மரக்கால்களின் மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில் உத்தரம் இடிக்காமல் குனிந்து நடந்து பழகி, இப்போது தெருவிலும் குனிந்தே நடக்கிறார். சலவை இயந்திரம், பழைய ஃப்ரிட்ஜ், கருவிப் பலகை எல்லாம் அந்த அடி நிழலில்தான். பக்கவாதம் வந்த பிறகு மனைவி நோலீனின் கட்டிலும் கீழறைக்கு இறங்கிவிட்டது. காலையில் ஊட்டி, துடைத்து, உடை மாற்றி, அவளைச் சக்கர நாற்காலியில் மின்விசிறிக்கு எதிரே உட்காரவைக்கும்போதே அவருக்கு ஒரு நாள் வேலை முடிந்த களைப்பு வந்துவிடும். மணி எட்டரைதான் ஆகியிருக்கும்.

நோலீனின் வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒன்றே ஒன்று: "அட போய்யா." பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், சிரிப்பு வந்தாலும் அதுதான். எந்த "அட போய்யா" எதற்கு என்று பிரித்தறிய அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது.

இருபத்தாறு வருடம் இருவரும் சேர்ந்தே பியர் காய்ச்சினார்கள். ஒரு ஈட்டுக்கு அறுபது புட்டி. அவர் கழுவி நிரப்புவார், அவள் மூடி அடிப்பாள். அவள் விழுந்த பிறகு ஒரு தடவை தனியாகச் செய்து பார்த்தார். நடுவில் அவளைத் தூக்க வேண்டும், கிடத்த வேண்டும், மறுபடி வந்து கை கழுவ வேண்டும். இருபத்து மூன்றாவது புட்டியில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் பழைய எஃகுப் பீப்பாய் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஒரே பாத்திரம், ஒரே கழுவல். எலுமிச்சைச் சர்பத் அடைத்த பீப்பாய்; அந்த வாசனை போக ரப்பர் வளையங்களையெல்லாம் மாற்றினார். ஃப்ரிட்ஜ் கதவில் துளை போட்டு வெளியே குழாய் பொருத்தினார். பிறகுதான் இந்தக் கசிவு.

பக்கத்து வீட்டு வின்ஸ் கமில்லேரி, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர், பத்து மணிக்குத் தன் மடக்கு நாற்காலியோடு ஆஜராகிவிடுவார்.

"ஊருக்கெல்லாம் ஓட்டை அடைச்சவன் வீட்டுல புஸ்ஸுன்னு போகுது. நல்லாருக்குடா டெஸ்!"

"வாய மூடு. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"ஃபேன் சத்தம்டா. நிறுத்திரவா?"

"நிறுத்தாத. அவளுக்கு வேர்க்கும்."

காது கைவிட்டதால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டார். வெகுநேரம் கழித்து, ரெகுலேட்டர் மரையோரம் ஒரு சின்னக் குமிழி எழுந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. கழற்றிப் பார்த்தார். உள்ளே வாஷர் இல்லை. அது இரண்டு வாரமாக மேசையில், அவள் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், காகித உறைக்குள்ளேயே கிடந்தது.

"வாஷர் போட மறந்துட்டேன்டா, வின்ஸ்" என்றார். "வாஷர்."

கிண்டலுக்கு வாய்ப்பு கிடைத்தால் விடாத வின்ஸ் அன்று எழுந்து தேநீர் போடப் போனார்.

பீப்பாயில் காஸ் ஏறி, பியர் குளிர நான்கு நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை, நோலீனைப் பார்க்க வரும் நர்ஸ் பிரையனி இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது டெஸ்மண்ட் முதல் கிளாஸைப் பிடித்தார். கிளாஸ் முழுக்க நுரை. அடியில் ஒரு விரல் பியர். அடுத்த கிளாஸும் அப்படியே. உள்ளே பீப்பாயிலிருந்து கதவுக்கு வருகிற ரப்பர் குழாய் நீளம் போதாது; பியர் முட்டிமோதிக்கொண்டு வருகிறது. அது அவருக்குத் தெரியும். இன்னொரு தடவை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்பதும் தெரியும். நெற்றியை ஃப்ரிட்ஜ் கதவில் சாய்த்துக்கொண்டார்.

"வித்துடலாம். எல்லாத்தையும் வித்துடலாம். முடியல."

"அட போய்யா" என்றாள் நோலீன். இடது கை விரல் கிளாஸை நோக்கி நீண்டிருந்தது.

"தண்ணியவே பொடி போட்டுக் கெட்டியாக்கித்தான குடிக்கிற? பியரெல்லாம் புரையேறிரும்மா."

விரல் இறங்கவில்லை. பிரையனி போனை எடுத்து டாக்டரிடம் கேட்டாள். இரண்டு மூன்று தடவை தலையாட்டினாள்.

"நல்லா நிமிர்ந்து உக்காரட்டும் டெஸ். கரண்டி நுனியில நுரை மட்டும். முழுங்கினப்புறம்தான் அடுத்தது. நான் பக்கத்துல இருக்கேன்."

தேநீரிலிருந்து தண்ணீர் வரை எல்லாம் கூழாகிப்போன எட்டு மாதத்துக்குப் பிறகு, அந்த வெள்ளை நுரை அவள் நாக்கில் கரைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை.

"அட போய்யா."

இத்தனை மாதத்தில் அவர் பிரித்து வைத்திருந்த எந்த வகையிலும் இது சேரவில்லை. அவர் இன்னொரு கரண்டி எடுத்தார்.

சனிக்கிழமை பழைய குழாயைக் கழற்றிவிட்டு, மூன்று மீட்டர் மெல்லிய குழாயைச் சுருட்டி உள்ளே பொருத்தினார். பியர் தேன் நிறத்தில், மேலே இரண்டு விரல் நுரையோடு, சத்தமில்லாமல் இறங்கியது. வின்ஸ் ஒரே மூச்சில் பாதி குடித்துவிட்டு, "அடேயப்பா! கடைக்காரன் தோத்தான்" என்றார்.

"குழாய முழுசாத் தொறந்து பிடிக்கணும். பாதி தொறந்தா வெறும் நுரைதான் வரும்" என்று டெஸ்மண்ட் அவருக்குப் பாடம் சொன்னார். தமக்கும் ஒன்று பிடித்து மேசையில் வைத்தார், குடிக்கவில்லை. நோலீனின் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி நிமிர்த்தி உட்காரவைத்தார். பிறகு சின்னக் கிளாஸ் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜிடம் போய், குழாயைப் பாதி மட்டும் திறந்தார்.