நின்னா பேசுது, ஓடினா ஊமை

உங்கள் வீட்டுக்காரர் உங்கள் ஜெபமாலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறாரா?

என் வீட்டுக்காரர் பார்த்தார். போன சனிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில். மீட்டரின் சிவப்பு முள் ஒரு நுனியில், கறுப்பு முள் சிலுவையில். கரண்ட் போக வழி இருந்தால் அந்த மீட்டர் 'பீப்' என்று கத்தும். கத்தவில்லை. "இது போலாம்" என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்… கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

எங்கள் வீட்டு விமானத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும். என் வீட்டுக்காரர் சவரிமுத்து, திண்டிவனத்தில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். டிராக்டர், லாரி, பஸ் எதுவானாலும் பேட்டரி இறங்கினால், லைட் மங்கினால் அவர் கடைக்குத்தான் வரும். அந்த மனிதர் ஆறு வருடமாக ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். பொம்மை இல்லை — ஆள் உட்கார்ந்து பறக்கிற விமானம். ஃபைபர் உடம்பு, ஒரே ஒரு சீட்டு. செஞ்சி ரோட்டில், முன்பு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை அடுக்கி வைத்திருந்த கொட்டகையில் நிற்கிறது. பக்கத்திலேயே நீளமாக ஒரு மண் ஓடுதளம். ஓட்டக் கற்றுக்கொண்டார், பரீட்சை எழுதினார், அனுமதிக் காகிதங்களுக்காக நடையாய் நடந்தார். எல்லாம் வந்துவிட்டது.

பாக்கி ரேடியோதான். அது வேலை செய்தால்தான் பறக்கலாம் என்று காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தை விடுங்கள், நானே ஒரு கண்டிஷன் போட்டிருந்தேன்.

"மேல போனா உங்க குரல் எனக்குக் கேட்டுக்கினே இருக்கணும். கேக்கலன்னா போவக் கூடாது."

"சரி" என்றார். யோசிக்காமல்.

விமானத்துக்கு ஆன்டெனா எங்கே வைப்பார்கள் தெரியுமா? எனக்கும் தெரியாது. அதற்கென்று விழுப்புரத்திலிருந்து ஏழுமலை வந்தார். ஒரு காலத்தில் விழுப்புரத்தில் பாதி மொட்டை மாடிகளில் ஏறி டிவி ஆன்டெனா நட்டவர். இப்போது சிசிடிவி கேமரா மாட்டுகிறார். என் வீட்டுக்காரருக்கு இருபது வருட சிநேகிதர், எனக்குக் கூடப்பிறக்காத தம்பி.

முதலில் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் இரண்டடிக் கம்பி ஒன்றை மாட்டினார்கள். முதல் நாள் ஓடுதளத்தில் உருட்டும்போதே ஒரு கல் பட்டு மடங்கிவிட்டது. சரி, முதுகில் வைக்கலாம் என்றார் ஏழுமலை. காற்றைத் தடுக்கும், அழகாகவும் இருக்காது என்றார் இவர். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் வாலுக்குள் வைப்பது என்று சமாதானம் ஆனது.

"ஃபைபர் சிக்னல மறைக்காது சவரிணா. உள்ளயே நிக்கட்டும். காத்தும் இடிக்காது, கல்லும் இடிக்காது."

செங்குத்தாக நிற்கிற வாலுக்குள் கம்பி நின்றது. அதற்குக் கீழே, கம்பியைத் தொடாமல், ஒரு செப்புத் தகடு. அந்தத் தகடு இல்லாவிட்டால் ஆன்டெனா சரியாக வேலை செய்யாதாம். கைவிட்டுப் பார்க்க, உள்ளங்கை அகலத்தில் ஒரு மூடி. நான்கு ஸ்க்ரூ.

சோதனை நாள் வந்தது. விமானம் சும்மா நின்றது. இவர் உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்திப் பேசினார். ஓடுதளத்தின் அந்தக் கோடியில் கை ரேடியோவோடு நின்ற ஏழுமலை கத்தினார்: "ணா, பக்கத்துல குந்திக்கினு பேசற மாதிரி இருக்குது!"

இன்ஜினைப் போட்டார்கள். ரேடியோவில் கர்ர்… கர்ர்… அவ்வளவுதான். போச்சு. உள்ளே இன்னொரு வேடிக்கை — இவர் பேச பட்டனை அழுத்தும்போதெல்லாம் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் தானாக எகிறியது. இன்ஜினை நிறுத்தினால் எல்லாம் சரி. மறுபடி போட்டால் மறுபடி கர்ர்.

ஆரம்பித்தது பேஜாரு.

இன்ஜின் ஓடினால்தான் கெடுகிறது, அதனால் இன்ஜின் கரண்ட்டின் இரைச்சல் ரேடியோவுக்குள் வருகிறது என்றார் இவர். நியாயம்தானே? ஸ்பார்க் பிளக் ஒயருக்கெல்லாம் உறை போட்டார். சார்ஜ் ஆகிற லைனில் ஃபில்டர் வைத்தார். அங்கங்கே இருந்த எர்த் ஒயரையெல்லாம் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்து முறுக்கினார். போட்டுப் பார்த்தால் — கர்ர்.

"ஆன்டெனாவ ஒருக்கா தெறந்து பாக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஏழுமலைக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் போட்ட ஆன்டெனாவுல இதுவரைக்கும் ஒருத்தன் குத்தம் சொன்னதில்ல. மீட்டர வெச்சுப் பாருங்க, நின்னப்ப பக்கா! உங்க ஒயரிங்க பாருங்க மொதல்ல."

இவர், சிநேகிதரின் மனசு நோகக் கூடாது என்று மறுபடியும் தன் ஒயர்களையே கழற்றினார்.

அன்றைக்கு நான் கொட்டகை வாசலில் பிளாஸ்கோடு நின்றிருந்தேன். இவர் கையைத் துடைத்துக்கொண்டே தனக்குள் சொன்னார்: "நின்னா பேசுது, ஓடினா ஊமை. எங்கயோ ஏதோ ஆடுது. ஆடறது இன்னான்னுதான் தெரியல."

ஆடுது.

ஆடுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

இப்போது வெட்கக்கேடான பகுதி. ஆன்டெனா மாட்டிய அடுத்த நாள், என் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளி ஜெபமாலையை ஃபாதரிடம் மந்திரித்து வாங்கிக்கொண்டு போயிருந்தேன். விமானத்தில் தொங்கவிடச் சொன்னேன். "உள்ள எதுவும் தொங்கக் கூடாது ஸ்டெல்லா, திசை காட்டற காம்பஸ்ல போயி இடிக்கும்" என்று மறுத்துவிட்டார். விடுவேனா? இவர் டீ குடிக்கப் போன நேரத்தில் வால் மூடியைத் திறந்தேன். உள்ளே தோதாக ஒரு கம்பி நின்றது. அது எதற்கென்று யாருக்குத் தெரியும்? நழுவாமல் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டு வந்துவிட்டேன். ஜெபமாலை கம்பியிலிருந்து தொங்கியது. சிலுவைக்கும் கீழே இருந்த தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகல இடைவெளி.

வண்டி நின்றால் சிலுவையும் சும்மா நிற்கும். இன்ஜின் ஓடினால்? ஆடும். தகட்டில் தட்டும். தொடக் கூடாத இரண்டும் தொட்டுக்கொள்ளும். ரேடியோ ஊமை. வெள்ளி வேறு… கரண்ட்டைக் கடத்துவதில் செம்பைவிட உசத்தியாம். பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சொன்னேனா? சொல்லவில்லை.

அந்த நிமிடம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் சொன்னால் ரேடியோ பேசும். ரேடியோ பேசினால் இவர் பறப்பார். ஆறு வருடமாக எனக்கு உட்கார முடியாது, நிற்க முடியாது. குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். அந்த விமானத்தின் ஒவ்வொரு போல்ட்டும் என் நெஞ்சில்தான் முறுக்கப்பட்டது. இவரைக் காப்பாற்று என்றுதான் மாதாவை உள்ளே வைத்தேன். மாதா காப்பாற்றிக்கொண்டு இருக்கிறார்கள்! தரையிலேயே வைத்து. நான் ஏன் குறுக்கே போக வேண்டும்?

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. கொசுத் தொல்லையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? 'ரொம்ப உற்சாகமாக இருந்தது' என்று ஒரு வாசகி கூட எழுதியிருந்தார். இருக்காதா பின்னே…

யோசித்துப் பாருங்கள். 'இன்னும் ரிப்பேர் ஆகலை' என்பது எத்தனை வீடுகளில் யாரோ ஒருவரின் நிம்மதியாக இருக்கிறது! மகனின் பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் வரை அம்மா தூங்குகிறாள். மகளின் வெளியூர் வேலைக்கான கடிதம் வராத வரை அப்பா சிரித்துப் பேசுகிறார். நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானத்தைக் கெடுத்தது ஒரு பஸ்.

போன புதன்கிழமை, கடைக்குச் சாப்பாடு எடுத்துப் போயிருந்தேன். செஞ்சிக்குப் போகிற தனியார் பஸ் ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து சொன்னார்: "சவரி, நின்னா லைட்டு பளிச்னு எரியுது. ஓடினா மங்குது. இன்னான்னு பாரு."

இப்படி ஒரு கேஸ் வந்தால் இவர் எழுந்துகூடப் போக மாட்டார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடியே எந்த ஒயர் என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு அந்த பஸ்ஸைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேற எடத்துல காட்டுங்க. எனக்குப் புடிபடாது."

டிரைவர் சிரித்தார், தமாஷ் என்று நினைத்து. பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சவரி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். இவர் கேரியர் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் போய்விட்டது.

கேரியரைப் பிரித்தேன். கருவாட்டுக் குழம்பு, அவருக்குப் பிடித்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வித்துடலாம் ஸ்டெல்லா. ஒயர்ல இருக்கற குத்தத்தக் கண்டுபுடிக்கத் தெரியாதவன் மேல போவக் கூடாது. கைக்கு வேலை போயிடுச்சி."

நான் ஆறு வருடமாகக் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? என்னால் முடியவில்லை. ஒரு மனிதரை வானத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று தரையிலேயே விழவைத்துவிட்டேன்.

"விக்க வேணாம்" என்றேன்.

"நீதான மொதல்லேர்ந்து வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு இருந்த?"

"குத்தம் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுங்க. வால்ல. என் ஜெபமாலை… ஆன்டெனாவுல கட்டி வெச்சிருக்கேன்."

பிசைந்த கை நின்றது. "எப்பலேர்ந்து தெரியும்?"

இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்துவிட்டது. "மூணு வாரமா" என்றேன்.

சாப்பாட்டை அப்படியே மூடினார். மொபெட்டை எடுத்தார். பின்னால் ஏறிக்கொண்டேன். கொட்டகையில் மூடியைத் திறந்து, கைவிட்டு, ஜெபமாலையை வெளியே எடுத்தார். இன்ஜினைப் போட்டார். நான் ஓடுதளத்தில் கை ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கேக்குதா?" என்றது அவர் குரல், அவ்வளவு தெளிவாக. "கேக்குது" என்றேன். இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து, வால் மூடியின் நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கினார்.

"பஸ்ஸத் திருப்பி அனுப்பிட்டேன் ஸ்டெல்லா" என்றார் கடைசியில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்புறம் ஏழுமலைக்குப் போன் போட்டார். "உன் ஆன்டெனா பக்காடா. ஏதோ லூஸ் கனெக்ஷன், பாத்துட்டேன்." என் பெயரைச் சொல்லவில்லை. ஏழுமலை, இதைப் படிக்கிறாயா? அந்த லூஸ் கனெக்ஷன் உன் அண்ணிதான். மன்னித்துவிடு.

இரண்டு நாள் என்னிடம் அளந்துதான் பேசினார். மூன்றாம் நாள் தானாகவே கேட்டார்: "மரத்துல மணி கெடைக்குமா? நூல்ல கோத்துக் குடு. ஆடாத எடமா பாத்து நானே கட்டிக்கறேன்." உட்கார்ந்து கோத்தேன், மரச் சிலுவையோடு. சனிக்கிழமை மீட்டர் சோதனையில் பாஸ். அதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கொட்டகைக்குப் போனோம். ஜெபமாலையை சீட்டுக்குப் பின்னால், ஆடாமல், மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். கிளம்பினார். ஓடுதளத்தின் பாதியிலேயே சக்கரம் மண்ணை விட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்க்க முடியவில்லை.

ஜெபமாலை மேலே. என் கையில் ரேடியோ மட்டும். எதை எண்ணுவது? விரல்களை மடக்க ஆரம்பித்தேன். பத்து விரல், பத்து 'அருள் நிறைந்த மரியே'.

"ஏரி தெரியுது. சூடு நார்மல். கேக்குதா?"

"கேக்குது."

மூன்றாவது விரல். நாலாவது… குரல் இல்லை. ஆறாவது வரை குரல் இல்லை. பட்டனை அழுத்திக் கத்தினேன்: "பேசுங்க! பேசிக்கினே இருங்கன்னு சொன்னேன் இல்ல?"

"இன்னா பேசறது?"

"எதுனா பேசுங்க!"

பிறகு அவருடைய பழைய கடைக் குரல் கேட்டது: "அந்த பஸ்ஸு ஸ்டெல்லா… பேட்டரிலேர்ந்து பாடிக்குப் போற எர்த் ஒயர்தான் ஆடுது. நாளைக்கு வரச் சொல்லணும்."

நிமிர்ந்து மேலே பார்த்தேன். என் ஜெபம் ஏழாவது விரலில் நின்றுபோனது. மீதி மூன்றை அவர் இறங்கி வந்த பிறகுதான் சொல்லி முடித்தேன் — அதுவரை மாதா லைனிலேயே இருந்தார்கள்.